வெளிநாட்டு ஆலை வந்தால் போதுமா? ஒரு நாடு அதிலிருந்து உருப்படியாகப் பலன் பெறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

2006க்கும் 2014க்கும் இடையில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போய்வந்தவர்களுக்கு அந்தக் கம்பெனிப் பேருந்துகள் நினைவிருக்கும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வரிசையாக வந்து நிற்கும், கழுத்தில் அடையாள அட்டையோடு பத்தொன்பது இருபது வயதுப் பெண்கள் இறங்குவார்கள், பலர் வீட்டில் முதல்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர்கள். நோக்கியா ஆலையில் உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். 2006 ஜனவரியில் தொடங்கிய உற்பத்தி 2014 நவம்பர் 1ஆம் தேதி நின்றுபோனது. வரி வழக்கு, கம்பெனியின் கைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியது, சந்தையே ஸ்மார்ட்போனுக்கு மாறியது என்று காரணங்கள் பல. அதை விடுங்கள். எனக்கு உறுத்துகிற கேள்வி வேறு: கோடிக்கணக்கில் போன் செய்த அந்த எட்டு ஒன்பது வருடத்தில் நமக்கு என்ன ஒட்டியது?

ஆலையைச் சுற்றி இருந்த சப்ளையர்களும் பெரும்பாலும் அதனோடு கூடவே வந்த வெளிநாட்டுக் கம்பெனிகள்தான். சொல்லிக்கொள்ளும்படியான உள்ளூர் உதிரிப்பாகக் கம்பெனி ஒன்று அதிலிருந்து முளைத்ததாக எனக்குத் தெரிந்து இல்லை. அதே நெடுஞ்சாலையில் கொஞ்சம் முன்னால் இருங்காட்டுக்கோட்டையில் 1998ல் ஹூண்டாய் கார் செய்யத் தொடங்கியபோது நிலைமை வேறு மாதிரி இருந்தது. டிவிஎஸ் குழுமம், ரானே போன்ற உதிரிப்பாகக்காரர்கள் ஏற்கெனவே பல பத்தாண்டுகள் தொழிலில் ஊறியவர்கள். சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் அதற்கு முன்பே ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு அதே 1998ல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. வந்த ஆலையிடமிருந்து வாங்கிக்கொள்ளக் கை இருந்தது.

அந்தக் கையை ஒரு நாடு எப்படி உண்டாக்கிக்கொள்கிறது என்பதுதான் இந்த வழிகாட்டி. நீங்கள் ஒரு சின்ன நாட்டின் தொழில் அமைச்சர் என்று வைத்துக்கொள்வோம். நிதி கொஞ்சம், பொறுமை கொஞ்சம், எதிர்க்கட்சி நிறைய. முக்கிய உதாரணமாக நான் மலேசியாவின் பினாங்கை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அங்கே வெற்றியும் தெரியும், எங்கே முட்டி நின்றது என்பதும் தெரியும். நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற ஊர் என்பது கூடுதல் காரணம். இடையிடையே சிங்கப்பூர், அயர்லாந்து, கோஸ்டாரிகா, வங்கதேசம், வியட்நாம் எல்லாம் வரும்.

படி 1: முதலில் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

எல்லா நாடும் நேராக "எங்களிடம் சிப் ஆலை வேண்டும்" என்றுதான் ஆரம்பிக்கிறது. தப்பு. 1969ல் பினாங்கின் நிலைமையைப் பாருங்கள். துறைமுகத்தை நம்பியே வாழ்ந்த தீவு, சுங்க வரி இல்லாத சுதந்திரத் துறைமுகம் என்ற அந்தஸ்தும் பறிபோனது. நூற்றில் பதினைந்து பேரை ஒட்டி வேலை இல்லாதவர்கள். அந்த வருடம் முதலமைச்சரான லிம் சோங் இயூவிடம் இருந்தவை: ஆங்கிலம் தெரிந்த, பள்ளிப்படிப்பு முடித்த இளைஞர்கள், ஒரு துறைமுகம், ஒரு விமான நிலையம், சின்னச் சின்ன இயந்திரப் பட்டறைகள். இரும்பாலைக்கு இது போதாது. ஆனால் விமானத்தில் ஏற்றி அனுப்பக்கூடிய, எடை குறைந்த, விலை கூடிய, நிறையக் கைகள் தேவைப்படுகிற ஒரு பொருளுக்குப் போதும். அப்போது அது குறைக்கடத்திகளை, அதாவது சிப்களை, பொருத்திச் சோதிக்கிற வேலை.

அதனால் உங்கள் முதல் வேலை ஒரு கணக்கெடுப்பு. எத்தனை பேர் பாலிடெக்னிக் முடிக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே ஒரு டிராயிங்கைப் படிக்கத் தெரியும், எத்தனை பட்டறையில் சிஎன்சி (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) இருக்கிறது, கண்டெய்னர் துறைமுகத்தில் எத்தனை நாள் கிடக்கிறது. அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினால் இது வராது, நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போனால், வருகிற கம்பெனிக்காரன் அவன் கணக்கை எடுத்துக்கொண்டு வந்து உங்கள் நாட்டைப் பற்றி உங்களுக்கே பாடம் நடத்துவான்.

படி 2: யார் வேண்டும் என்று முடிவு செய்து, நீங்களே போய்க் கூப்பிடுங்கள்

கதவைத் திறந்து வைத்தால் வருவார்கள் என்று காத்திருந்த நாடுகள் பல, வந்தது சிகரெட் கம்பெனியும் குளிர்பானக் கம்பெனியும்தான். சிங்கப்பூர் 1961ல் பொருளாதார வளர்ச்சி வாரியத்தைத் தொடங்கியது, அதற்கு முந்தைய வருடம் ஐ.நா. குழுவோடு வந்த டச்சுப் பொருளியலாளர் ஆல்பர்ட் வின்செமியஸ் கொடுத்த யோசனை அது. அதே வேலைக்கான அயர்லாந்தின் ஐடிஏ அமைப்பு இன்னும் பழசு, 1949. கோஸ்டாரிகாவில் 1982ல் வந்த சிண்டே அரசுத் துறைகூட இல்லை, தனி அமைப்பு. மூன்றுக்கும் பொது குணம் ஒன்று. யாரைக் கூப்பிடுவது என்று பட்டியல் போட்டுக்கொண்டு, அந்தக் கம்பெனியின் தலைமையகத்துக்கே போய்க் கதவைத் தட்டினார்கள்.

பினாங்கில் அந்த வேலையைச் செய்தது 1969ல் தொடங்கிய பினாங்கு வளர்ச்சிக் கழகம். 1972ல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பாயான் லெப்பாஸில், அதுவரை வயலாக இருந்த இடத்தில், மலேசியாவின் முதல் சுதந்திர வணிக மண்டலம் வந்தது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அங்கேதான் போட்டது. ஏஎம்டி, ஹியூலெட் பேக்கர்ட், நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரானிக்ஸ், ஹிட்டாச்சி, கிளாரியன், பாஷ் என்று சேர்ந்து வந்த எட்டுப் பேரை ஊர்க்காரர்கள் இன்னமும் "எட்டுச் சாமுராய்கள்" என்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது, ஒரே தொழிலைச் சுற்றிக் கூட்டமாக வந்தது. ஒரு கம்பெனி மட்டும் வந்தால் அது போனதும் எல்லாம் போச்சு. ஏழெட்டு வந்தால் ஓர் ஆலையில் கற்றுக்கொண்டவன் அடுத்த கட்டடத்தில் வேலை தேடலாம், ஒரு சப்ளையர் நான்கு பேருக்கு விற்கலாம். ஸ்ரீபெரும்புதூரில் இது நடக்கவில்லை. அங்கே கூட்டம் இருந்தது, ஆனால் கூட்டம் முழுக்க ஒரே வாடிக்கையாளரை நம்பி நின்றது.

படி 3: நிலம், மின்சாரம், சுங்கம்

இதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் நீட்டப்போவதில்லை. மின்சாரம் அறுபடக் கூடாது, தண்ணீர் வர வேண்டும், துறைமுகத்தில் லஞ்சம் கேட்கக் கூடாது, அனுமதி வாங்க இருபது அலுவலகம் அலையக் கூடாது. ஆனால் சில சமயம் பெரிய தடை கான்கிரீட்டில் இல்லை, ஒரு விதியில் இருக்கும்.

வங்கதேசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களின் கடைசியில் அங்கே ஆயத்த ஆடை ஏற்றுமதி கிட்டத்தட்ட இல்லை. துணியை இறக்குமதி செய்யப் பணம் வேண்டும், அந்நியச் செலாவணிக்கோ பஞ்சம், துணிக்கு இறக்குமதி வரி வேறு. இரண்டு ஏற்பாடுகள் வந்தன. வெளிநாட்டில் சட்டை வாங்குகிறவர் கொடுக்கும் எல்சியையே (பணம் வந்துவிடும் என்று வங்கி தரும் உறுதிக் கடிதம்) ஈடாக வைத்து, துணி வாங்க இன்னொரு எல்சி திறக்கலாம். இறக்கிய துணியைச் சுங்கப் பூட்டுக்குள் கிடங்கில் வைத்து, தைத்து ஏற்றுமதி செய்தால் வரி கிடையாது. அவ்வளவுதான். கையில் காசில்லாதவன்கூட ஏற்றுமதியாளன் ஆக முடிந்தது. இதற்குச் சிமெண்ட் ஒரு மூட்டைகூடத் தேவைப்படவில்லை. நீங்கள் எட்டுவழிச் சாலைக்கு அடிக்கல் நாட்டுவதற்கு முன்னால் உங்கள் சுங்க விதிப் புத்தகத்தை ஒருமுறை யாராவது ஏற்றுமதியாளரோடு உட்கார்ந்து புரட்டிவிடுங்கள்.

படி 4: சலுகை கொடுக்கும்போது கை நடுங்கட்டும்

பத்து வருட வரிவிலக்கு, இலவச நிலம், மின்கட்டண மானியம். பக்கத்து நாடு பத்துக் கொடுத்தால் நீங்கள் பன்னிரண்டு. இந்த ஏலத்தில் ஜெயிப்பது எப்போதும் கம்பெனிதான். அதோடு, விளையாட்டே மாறிவிட்டது. 2021ல் 130க்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்ட ஏற்பாட்டின்படி, 75 கோடி யூரோவுக்கு மேல் வருவாய் உள்ள பன்னாட்டுக் கம்பெனிகள் குறைந்தது 15 சதவீத வரி கட்டியாக வேண்டும். நீங்கள் விட்டுக்கொடுத்தால் அந்தப் பணத்தை அதன் தாய்நாடு வசூலித்துக்கொள்ளலாம். அதாவது உங்கள் வரிவிலக்கு இன்னொரு நாட்டின் கஜானாவுக்குப் போகக்கூடும். வியட்நாம் இதைப் புரிந்துகொண்டு 2024லிருந்து தானே அந்த வரியைப் போடத் தொடங்கியது.

சரி, அப்போது என்ன கொடுப்பது? கொடுக்கிற காசைச் செயலோடு கட்டுங்கள். இத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தால் இவ்வளவு, இத்தனை உள்ளூர் சப்ளையரைத் தேற்றிவிட்டால் இவ்வளவு. காலக்கெடு போடுங்கள், அந்தத் தேதியில் முடியட்டும், நீட்டிக்கக் கேட்டு வருவார்கள், அப்போது உங்களுக்கும் கேட்க ஏதாவது இருக்கும்.

படி 5: ஆட்களைத் தயார் செய்வது

இங்கேதான் பெரும்பாலான நாடுகள் பொய் சொல்லிக்கொள்கின்றன. "எங்களிடம் வருடத்துக்கு இத்தனை லட்சம் பொறியாளர்கள்" என்று புள்ளிவிவரம் நீட்டுவார்கள். கம்பெனிக்காரன் நூறு பேரை நேர்முகத்துக்குக் கூப்பிட்டுப் பத்துப் பேரை எடுத்துவிட்டு, மீதித் தொண்ணூறு இடத்துக்கு எங்கிருந்தாவது ஆள் கொண்டுவருவான்.

சிங்கப்பூர் செய்தது புத்திசாலித்தனம். வந்த கம்பெனியிடமே "நீங்கள் ஒரு பயிற்சிக்கூடம் நடத்துங்கள், இடம், செலவில் ஒரு பங்கு எங்களுடையது, ஆனால் உங்களுக்குத் தேவையானதைவிட அதிகம் பேருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்" என்று பேசினார்கள். அப்படி வந்த முதல் கூட்டாளி யார் தெரியுமா? நம்ம டாடா. 1972ல் டாடா-அரசுப் பயிற்சி மையம், அடுத்த வருடம் ஜெர்மானிய கேமரா கம்பெனி ரோலாய், 1975ல் பிலிப்ஸ். பாகங்களுக்கான அச்சு (டை) செய்கிறவர்கள், துல்லிய இயந்திர வேலைக்காரர்கள் அங்கிருந்து வந்தார்கள். கம்பெனிக்குப் போக மிஞ்சியவர்கள் நாட்டுக்கு.

பினாங்கு இதையே வேறு விதமாகச் செய்தது. 1980களில் ஆலைகளில் தானியங்கி இயந்திரங்கள் வரத் தொடங்கின, பழைய ஆட்களுக்கு அது தெரியவில்லை, கம்பெனிகள் ஒன்றிடமிருந்து ஒன்று டெக்னீஷியன்களை இழுத்துக்கொண்டிருந்தன. 1989ல் பினாங்கு திறன் வளர்ச்சி மையம் தொடங்கியது. நடத்துவது கம்பெனிகளே. மாநில அரசு இடம் கொடுத்தது, கம்பெனிகள் சந்தா கட்டின, இயந்திரங்களையும் கொடுத்து உதவின. என்ன பாடம், எத்தனை மணி நேரம் என்று முடிவு செய்ததும் ஆலை மேலாளர்கள்தான். பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு கூடிக் கலைய மூன்று வருடம் ஆகும், இவர்களுக்கு அடுத்த காலாண்டுக்கே ஆள் தேவை.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். மலேசியா 1992ல் ஒரு சட்டம் போட்டது: குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆள் வைத்திருக்கும் கம்பெனிகள் சம்பளப் பட்டியலில் 1 சதவீதத்தைப் பயிற்சி நிதிக்குக் கட்ட வேண்டும், ஆட்களைப் பயிற்சிக்கு அனுப்பினால் அதிலிருந்து திரும்பப் பெறலாம். கட்டிய காசை விட யாருக்கு மனசு வரும், அனுப்பத்தான் செய்வார்கள். சிங்கப்பூர் 1979லேயே இதைக் கொஞ்சம் குரூரமாகச் செய்தது, குறைந்த சம்பளம் வாங்கும் ஆட்களை வைத்திருப்பவர்களிடம் அந்த ஆட்களின் பேரில் தீர்வை. மலிவான கூலியை நம்பி இருக்காதே என்ற சைகை அது.

அயர்லாந்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1967ல் இடைநிலைக் கல்வியை இலவசமாக்கினார்கள், 1970லிருந்து ஊரூராக வட்டாரத் தொழில்நுட்பக் கல்லூரிகள். இன்டெல் அங்கே லீக்ஸ்லிப்பில் ஆலை போட முடிவு செய்தது 1989ல். இருபது வருட இடைவெளி. உங்கள் ஆட்சிக்காலம் ஐந்து வருடம்தான் என்பது எனக்கும் தெரியும்.

படி 6: உள்ளூர் சப்ளையர்

இதுதான் மையம். இதில் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

அம்பத்தூரிலோ கோயம்புத்தூர் பீளமேட்டிலோ நான்கு லேத், இரண்டு சிஎன்சி வைத்து ஜாப் ஒர்க் செய்கிற ஒரு பட்டறையை மனதில் கொண்டுவாருங்கள். புதிதாக வந்த வெளிநாட்டு ஆலை ஒரு எஃகு ஊசிக்கு டிராயிங் கொடுக்கிறது. விட்டம் 12 மி.மீ., அதில் ஏற்ற இறக்கம் 10 மைக்ரானுக்குள். நம் தலைமுடி ஒன்றின் தடிமனில் ஏழில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்காரர் அசராத ஆள், ஐம்பது சாம்பிள் செய்து எண்ணெய் தடவி, துணியில் சுற்றி எடுத்துப் போகிறார். அங்கே தரப் பிரிவில் இருக்கும் பையன் ஊசியை எடுத்துப் பார்க்கவே இல்லை. "சார், உங்க மைக்ரோமீட்டர் கடைசியா எப்போ கேலிபரேட் பண்ணீங்க? சர்டிபிகேட் இருக்கா?" இல்லை. "எஃகுக்கு மில் சர்டிபிகேட்?" கடையில் வாங்கினது, பில் இருக்கிறது. "சரி, லட்சம் பீஸ் செஞ்சா அதுல எத்தனை அளவு தப்பும்னு கணக்கு போட்டிருக்கீங்களா?" பட்டறைக்காரர் கொஞ்ச நேரம் அவனையே பார்க்கிறார். முப்பது வருடமாக இந்த வேலை செய்கிறார், யாரும் இப்படிக் கேட்டதில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். ஊசி நன்றாகத்தான் இருந்தது. அடுத்த மாதம் அந்த ஊசி வெளிநாட்டிலிருந்து கண்டெய்னரில் வருகிறது.

அப்படியே ஆர்டர் கிடைத்தாலும் கதை முடியாது. பணம் தொண்ணூறு நாள் கழித்து வரும், இரும்புக்கடைக்காரருக்கு முப்பது நாளில் கொடுக்க வேண்டும், மூன்றாவது சிஎன்சி வாங்க வங்கிக்குப் போனால் வீட்டுப் பத்திரம் கேட்பார்கள்.

வியட்நாமில் இது தேசிய விவாதமாகவே ஆனது. 2009லிருந்து பக் நின் மாகாணத்தில் சாம்சங் போன் செய்கிறது, நாட்டின் ஏற்றுமதியில் பெரும் பங்கு அந்த ஒரு கம்பெனி. 2014ல் தனக்கு வேண்டிய உதிரிப்பாகங்களின் பட்டியலை அது வெளியிட்டபோது, கேட்ட தரத்திலும் விலையிலும் எண்ணிக்கையிலும் கொடுக்க உள்ளூர்க் கம்பெனிகளால் முடியவில்லை. "நம்மால் ஒரு ஸ்க்ரூகூடச் செய்ய முடியாதா" என்று பத்திரிகைகள் எழுதின. அப்புறம் அரசும் சாம்சங்கும் சேர்ந்து கொரிய நிபுணர்களை உள்ளூர் ஆலைகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள், தரையில் எதை எங்கே வைப்பது என்பதிலிருந்து சொல்லிக்கொடுத்தார்கள்.

இந்தக் கடைசி யோசனையின் நல்ல வடிவத்தைச் சிங்கப்பூர் 1986ல் செய்துவிட்டது. உள்ளூர்த் தொழில் மேம்பாட்டுத் திட்டம் என்று பெயர். பன்னாட்டுக் கம்பெனி தன் அனுபவமுள்ள பொறியாளர் ஒருவரை விடுவித்துக் கொடுக்க வேண்டும், அவர் முழுநேரமாக உள்ளூர் சப்ளையர்களின் ஆலைகளில் சுற்றி அவர்களைத் தேற்ற வேண்டும், அவர் சம்பளத்தை அரசு தரும். எனக்கு இந்தத் துறையில் தெரிந்த திட்டங்களிலேயே மிகவும் பிடித்தது இதுதான். கட்டடம் இல்லை, திறப்பு விழா இல்லை, ஒரே ஒரு ஆளின் சம்பளம். கம்பெனி எதை வாங்கும் எதைத் திருப்பி அனுப்பும் என்று அந்த ஆளுக்கு உள்ளேயிருந்து தெரியும், பட்டறைக்காரரின் டப்பாவை அவர் முன்கூட்டியே திறந்து பார்த்து "முதலில் மைக்ரோமீட்டரை அனுப்பிச் சான்று வாங்குங்கள்" என்று சொல்லிவிடுவார்.

கட்டாயப்படுத்தினால் என்ன? ஒரு காலத்தில் முடிந்தது. மாருதியில் 1980களில் சுசூகியோடு சேர்ந்து கார் செய்யத் தொடங்கியபோது, படிப்படியாக உள்நாட்டுப் பாகங்களுக்கு மாறியாக வேண்டும் என்று அரசு அட்டவணை போட்டது. மாருதி தன் சப்ளையர்களில் சிலரோடு பங்கு முதலீடே செய்தது, ஜப்பானியத் தொழில்நுட்பக் கூட்டாளிகளைப் பிடித்துக் கொடுத்தது. இன்று இந்தியா முழுக்க உதிரிப்பாகத் தொழில் இருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். ஆனால் 1995ல் உலக வர்த்தக அமைப்பு வந்த பிறகு "இத்தனை சதவீதம் உள்ளூரில் வாங்கு" என்று கட்டாயப்படுத்துவது விதிமீறல். இந்தியாவே கார் துறையில் அதை முயன்று அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் போட்ட வழக்கில் 2001ல் தோற்றது. வளர்ந்த நாடுகள் தாங்கள் ஏறிவந்த ஏணியை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டன என்று எனக்குக் கோபம் உண்டு, ஆனால் கோபத்தை வைத்து அமைச்சகம் நடத்த முடியாது. கட்டாயம் போனால் உதவிதான் மிச்சம்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டிய வரிசை இது. கம்பெனியின் கொள்முதல் அதிகாரியோடு உட்கார்ந்து இறக்குமதியாகும் பாகங்களின் பட்டியலை வாங்குங்கள். அதில் மூன்று வருடத்துக்குள் இங்கே செய்யக்கூடியவை எவை என்று பிரியுங்கள், பெட்டி, பிளாஸ்டிக், வேலை நடக்கும்போது பாகத்தைப் பிடித்து நிறுத்தும் ஜிக், ஃபிக்சர் என்று எளிதிலிருந்து ஆரம்பியுங்கள். இருக்கிற பட்டறைகளில் இருபது முப்பதைத் தேர்ந்தெடுங்கள், எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெளிக்காதீர்கள். தொழிற்பேட்டைக்குள்ளேயே அளவுக்கருவிகளைச் சோதித்துச் சான்று தரும் ஒரு கூடம் வையுங்கள், தனி ஆளால் வாங்க முடியாத அளவை இயந்திரங்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுங்கள். கடைசியாக, கம்பெனியின் பர்ச்சேஸ் ஆர்டரையே ஈடாக ஏற்றுக் கடன் கொடுக்கும்படி வங்கியை வழிக்குக் கொண்டுவாருங்கள். வங்கதேசத்தின் எல்சி ஏற்பாட்டுக்கு இதுவும் ஒரு விதத்தில் தம்பிதான்.

பினாங்கில் இதெல்லாம் பாதித் திட்டமாகவும் பாதித் தானாகவும் நடந்தது. ஆலைகளின் உள்ளூர் மேலாளர்கள் தங்களுக்குத் தெரிந்த பட்டறைக்காரர்களிடம் சின்ன அச்சு, ஃபிக்சர் என்று கொடுத்துப் பார்த்தார்கள், சரியாக வராதபோது கூட நின்று சொல்லிக்கொடுத்தார்கள். மேலாளர் உள்ளூர்க்காரர் என்பது இதில் பெரிய விஷயம். மேலே எல்லாமே வெளிநாட்டு ஆட்கள் என்றால் அவர்களுக்குப் பழக்கமான சப்ளையர் அவர்கள் ஊரில்தான் இருப்பார்.

படி 7: ஆட்கள் ஓடிப்போகட்டும்

இது கேட்க விநோதமாக இருக்கும். 1979ல் வங்கதேசத்தின் தேஷ் என்ற புதிய ஆடைக் கம்பெனி, கொரியாவின் டேவூவோடு செய்த ஒப்பந்தப்படி 130 பேரைப் பூசான் நகரத்துக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பியது. டேவூ இதில் முதல் போடவில்லை, தொழில்நுட்பம் கொடுத்துக் கமிஷன் வாங்கிய ஏற்பாடு. சில வருடங்களில் அந்த 130 பேரில் 115 பேர் தேஷை விட்டுப் போய்விட்டார்கள். முதலாளிக்கு வயிற்றெரிச்சல் இருந்திருக்கும். ஆனால் போனவர்கள் தாங்களே ஆலை தொடங்கினார்கள், அல்லது அடுத்தவர் ஆலையை நடத்திக் கொடுத்தார்கள். இன்று சீனாவுக்கு அடுத்த வரிசையில் ஆடை ஏற்றுமதி செய்யும் நாட்டின் தொழில் அப்படிப் பரவியதுதான்.

பினாங்கிலும் இதே கதை. 1991ல் தொடங்கிய குளோபெட்ரானிக்ஸை ஆரம்பித்தவர்கள் முன்னாள் இன்டெல்காரர்கள். சிப்களைக் கேமராவால் சோதிக்கும் இயந்திரம் செய்கிற விட்ராக்ஸை 2000ல் தொடங்கியவர்கள் அங்கே பன்னாட்டு ஆலையில் வேலை பார்த்த பொறியாளர்கள்.

எனவே வேலையை விட்டவன் அதே தொழிலை இத்தனை வருடம் செய்யக் கூடாது என்ற ஒப்பந்தங்களுக்குச் சட்டத்தில் பல் இருக்கக் கூடாது. இந்தியாவில் 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு அதை ஏற்கெனவே செய்கிறது, வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தில் நமக்கு உதவுகிற அபூர்வமான வரிகளில் ஒன்று. ரகசியத்தைத் திருடுவது வேறு, அதற்குத் தனியாகச் சட்டம் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: அடுத்த மாடிக்கு ஏற வழி

பினாங்கு முட்டி நின்றது இங்கேதான். உலகச் சிப் பொருத்தல், சோதனை வேலையில் சுமார் 13 சதவீதம் மலேசியாவில் நடக்கிறது, பெரிய விஷயம். ஆனால் ஐம்பது வருடத்துக்குப் பிறகும் வடிவமைப்பும் சிப் தயாரிப்பும் பெரும்பாலும் வேறிடத்தில். தைவானும் 1966ல் கவ்ஷியுங்கில் ஏற்றுமதி மண்டலம் போட்டு இதே மாதிரித்தான் ஆரம்பித்தது. ஆனால் 1973ல் அரசுச் செலவில் ஒரு தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கி, 1976ல் அமெரிக்காவின் ஆர்சிஏ கம்பெனியிடம் சிப் தயாரிப்புத் தொழில்நுட்பத்தைக் காசு கொடுத்து வாங்கி, பொறியாளர்களை அங்கே அனுப்பிக் கற்கவைத்தது. அந்த நிறுவனத்திலிருந்து பிறந்த சிப் கம்பெனிகள்தான் 1980ல் யுஎம்சி, 1987ல் டிஎஸ்எம்சி. வெளிநாட்டு ஆலை சொல்லிக்கொடுக்காததைத் தனியாகப் படித்தார்கள். மலேசியாவில் மலிவான வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கிடைத்துக்கொண்டே இருந்தது ஏறுவதற்கான அவசரத்தைக் குறைத்தது என்பது என் கருத்து. ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு.

படி 9: எதை எண்ணுகிறீர்கள் என்பதில் ஜாக்கிரதை

2015ல் அயர்லாந்தின் பொருளாதாரம் ஒரே வருடத்தில் 26 சதவீதம் வளர்ந்ததாகக் கணக்கு வந்தது. டப்ளின் தெருவில் யாருக்கும் அது தெரியவில்லை, ஏனென்றால் நடந்தது சில பன்னாட்டுக் கம்பெனிகள் தங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளைக் காகிதத்தில் அங்கே மாற்றியது. புள்ளியியல் அலுவலகமே வெட்கப்பட்டு, இந்த வீக்கத்தைக் கழித்த புதிய அளவுகோல் ஒன்றை உருவாக்க வேண்டியிருந்தது.

ஒப்பந்தம் கையெழுத்தான தொகையை எண்ணாதீர்கள், அது வெறும் போட்டோவுக்கு. ஏற்றுமதியையும் தனியாக எண்ணாதீர்கள், நூறு ரூபாய் போனில் எண்பது ரூபாய்க்குப் பாகம் இறக்குமதியாகி இருக்கலாம். எண்ண வேண்டியவை: கம்பெனி உள்ளூரில் வாங்கும் பொருளின் மதிப்பு, அதில் உள்ளூர்க்காரர் சொந்தமாக நடத்தும் கம்பெனிகளின் பங்கு, மேலாளர் நிலையில் இருக்கும் உள்ளூர் ஆட்கள், அங்கிருந்து வெளியேறித் தொழில் தொடங்கியவர்கள், ஐந்து வருடம் வேலை பார்த்த தொழிலாளியின் சம்பளம் எவ்வளவு ஏறியது. அந்தக் கடைசி எண்ணை எந்த முதலீட்டாளர் மாநாட்டிலும் நான் பார்த்ததில்லை.

படி 10: அவர்கள் போகும் நாளை இப்போதே யோசியுங்கள்

போவார்கள். சம்பளம் ஏறினால் போவார்கள், தொழில்நுட்பம் மாறினால் போவார்கள், தலைமையகத்தில் யாரோ ஒரு எக்செல் தாளைப் பார்த்து முடிவெடுத்தாலும் போவார்கள்.

கோஸ்டாரிகாவுக்கு இன்டெல் வர முடிவு செய்தது 1996ல், ஆலை ஓடத் தொடங்கியது 1998ல். வந்தபோது நாட்டின் தொழில்நுட்பக் கல்லூரிகள் அதற்கேற்ற படிப்புகளைச் சேர்த்தன. உள்ளூர் சப்ளையர் விஷயத்தில் அவர்கள் பெரிதாக ஜெயிக்கவில்லை, அதை மறைக்க வேண்டாம். 2014ல் இன்டெல் பொருத்தல் ஆலையை மூடி, சுமார் 1,500 வேலைகளை எடுத்துக்கொண்டு ஆசியாவுக்குக் கிளம்பியது. நோக்கியா போன அதே வருடம். ஆனால் பொறியியல் மையத்தை அங்கேயே விட்டுவைத்தது, ஏனென்றால் அந்தப் பொறியாளர்களைப் பெட்டியில் கட்டி அனுப்ப முடியாது. அதற்குள் மருத்துவக் கருவி செய்யும் கம்பெனிகள் நிறைய வந்து சேர்ந்திருந்தன. சுத்தமான அறையில் முகமூடி போட்டுக்கொண்டு மைக்ரான் கணக்கில் வேலை செய்யத் தெரிந்த ஆட்கள் அவர்களுக்குத் தேவை, மருத்துவக் கருவிகள் நாட்டின் முதலிட ஏற்றுமதிப் பொருளாகவும் ஆயின. சில வருடம் கழித்து இன்டெல்லே திரும்பி வந்து பொருத்தல் வேலையை அங்கே மறுபடி தொடங்கியது.

ஸ்ரீபெரும்புதூரில் பூட்டிக் கிடந்த நோக்கியா வளாகத்தை 2019ல் சால்காம்ப் வாங்கியது, முன்பு நோக்கியாவுக்குச் சார்ஜர் செய்த அதே கம்பெனி. பக்கத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் பொருத்துகிறது. ஷிஃப்ட் நேரத்தில் மறுபடி பேருந்துகள் வரிசையில் நிற்கின்றன. அந்தப் போனுக்குள் இருக்கிற பாகங்களில் எது எது அம்பத்தூரிலோ ஓசூரிலோ கோயம்புத்தூரிலோ ஒரு உள்ளூர்க்காரரின் ஆலையில் செய்தது என்று, அடுத்த முதலீட்டு அறிவிப்பு வரும்போது உங்கள் தொகுதி எம்எல்ஏவிடம் கேட்டுப் பாருங்கள்.